மூன்றாவதையும் போட்டாயிற்று

உத்திரமேரூரில் கீபோர்டு மாற்றித் தர எனக்குத் தெரிந்து ஒரே கடைதான். போன வருடம் என் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்த லினக்ஸ் இயங்குதளத்தை அழித்துவிட்டு, "கிளீன் பண்ணிக்கீறேன் சார்" என்று நீட்டியவரும் அதே கடைக்காரர்தான். விஷயம் தெரியாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றிதான் இன்னும் எரிகிறது.

அதனால் இன்று லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு நகரவில்லை. எதிரிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கீபோர்டை மாற்றியவர், சரிபார்க்க விண்டோஸைத் திறந்தார்.

"இன்னா சார், பாதி டிஸ்க் பேரே இல்லாம சும்மா கீது. வேஸ்ட்டுதானே, சி டிரைவோட சேத்துடவா?"

"அது சும்மா இல்ல, லினக்ஸ் இருக்கற எடம். நான் பண்ற மொழிபெயர்ப்பு முழுக்க அதுலதான் இருக்கு. மவுஸ்லேர்ந்து கைய எடுங்க."

எடுத்தார். "ஒரு ஆளுக்கு எதுக்கு சார் ரெண்டு? ஊர்ல அல்லாரும் ஒண்ண வெச்சிக்கினு நிம்மதியா கீறாங்க. உங்களோட பேஜாரு சார்."

லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மூன்றாவதாக இன்னொரு வகை லினக்ஸையும் நிறுவிவிட்டேன். இப்போது ஆன் செய்தால் எது வேண்டும் என்று மூன்று பெயர்களைக் காட்டிக் கேட்கிறது.

டிஸ்க்கில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. நான்காவதாக எதைப் போடலாம், சொல்லுங்கள். பேக்கப் எடுத்தாயா என்று கேட்பவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.