சிவப்பு ஊசியும் சொம்புத் தண்ணீரும்

அந்த மருந்து சிவப்பாக இருந்தது. குங்குமச் சிவப்பு இல்லை, செங்கல் சிவப்பும் இல்லை. வெயில் பட்டால் ஓரத்தில் ஆரஞ்சு காட்டுகிற, கண்ணாடிபோலத் தெளிந்த சிவப்பு. வேலூர் ஆஸ்பத்திரியின் சன்னலோரக் கட்டிலில் என் அக்கா கையை நீட்டிப் படுத்திருந்தாள். மார்பிலிருந்த கட்டியை அறுத்து எடுத்தாயிற்று, தையலும் ஆறிவிட்டது. மிச்சம் மீதி உடம்பில் எங்கேயாவது ஒளிந்திருந்தால் தேடிப் பிடிக்க இந்த ஊசி. மூன்று வாரத்துக்கு ஒன்று. எண்பதுகளின் தொடக்கம் அது. நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ‘அது’ என்போம், அவ்வளவுதான்.

அக்கா ஊசிக்குப் பயப்படவில்லை. நிறத்தைத்தான் பார்த்தாள்.

“நல்ல கலரு சிஸ்டர். இன்னா போட்டுக் கலக்குறாங்க?”

“ஏம்மா, சாயப்பட்டறை வச்சிருக்கீங்களா?” என்று நர்ஸ் சிரித்தார்.

“குடியாத்தம். லுங்கி நெய்யிறோம். நூலுக்குச் சாயம் நான்தான் போடுவேன்.”

மருந்தை அவசரப்படாமல் நரம்பில் ஏற்றிக்கொண்டே நர்ஸ் சொல்லிவந்தார். வாந்தி வரும். முடி கொட்டும், ஆனால் திரும்ப முளைக்கும். வாயில் புண் வரலாம், காரம் ஆகாது. காய்ச்சல் அடித்தால் வீட்டில் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் உடனே இங்கே வந்துவிட வேண்டும். சிறுநீர் ஓரிரு நாள் சிவப்பாகப் போகும், அது இரத்தமில்லை, மருந்தின் நிறம். “தண்ணி மட்டும் ஜாஸ்தி குடிக்கணும். மறந்துடாதீங்க.” அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். நான் ஆம்பூரில் பள்ளிக்கூட டீச்சர். தலையாட்டுகிறவர்களை நம்பக்கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சொன்னதெல்லாம் வந்தது. சொல்லாததும் வந்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷெட்டுகளின் வாடை காற்றில் கலந்தே இருக்கும், எனக்கு அது மூக்கில் ஏறுவதுகூட நின்றுபோயிருந்தது. சனிக்கிழமை குடியாத்தம் வந்து அக்கா வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து அக்காவின் குரல் வரும்: “ஏய், கிட்ட வராத. மொதல்ல போய்க் குளி. உன் பொடவையில நாலு மாடு நிக்குது.” தாளித்தால் குமட்டல். இரும்பை நக்கினதுபோல நாக்கு. ஆறிய தயிர் சாதமும் நார்த்தங்காயும் மட்டும் உள்ளே போயின. வாய் புண்ணான பிறகு நார்த்தங்காயும் போகவில்லை.

முடி மூன்றாம் வாரத்தில் தலையணையோடு போய்விட்டது. மாமா, அதாவது அக்கா புருஷன், நாவிதரை வீட்டுக்கே கூட்டி வந்து மிச்சத்தையும் வழித்துவிடச் சொன்னார். மொட்டைத் தலையோடு தெருக்குழாயடியில் நின்றவளைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா கேட்டாள்: “திருப்பதியா?” ஆமாம் என்றாள் அக்கா. “லட்டு எங்க?” அதை அவள் யோசித்திருக்கவில்லை. “அங்க ஒரே கூட்டம், கிடைக்கல” என்று சமாளித்துவிட்டு உள்ளே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

இரண்டாம் ஊசிக்குப் போகிற அன்று, பஸ் பாலாற்றுப் பாலத்தில் ஏறியதுமே வாந்தி எடுத்தாள். ஊசியே போடவில்லை, ஊசி இருக்கிற ஊரின் திசை போதும் அவள் வயிற்றுக்கு. கீழே ஆறு வெறும் மணலாகக் கிடந்தது. கண்டக்டர் சலித்துக்கொண்டார்: “இன்னாம்மா, வேலூர் வர்றதுக்குள்ள பஸ்ஸ பேஜாராக்கிட்டியே.” மாமா தன் தோள் துண்டால் சீட்டைத் துடைத்தார். அவர் விரல் நகங்களில் எப்போதும் இருக்கிற சாய நீலம் அன்றும் இருந்தது.

ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினோம். கோடை விடுமுறை என்பதால் நான் கூடவே தங்கினேன். கட்டிலருகே சொம்பு நிறையத் தண்ணீர் வைப்பேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. தறிக்கும் கொல்லைக்கும் தெருவுக்கும் நடப்பேன், திரும்பி வந்தால் சொம்பு வைத்தபடி இருக்கும். “குடிச்சேன்டி” என்பாள். உதடு வெடித்திருந்தது. மறுநாள் ஒன்றுக்குப் போக எரிகிறது என்று பல்லைக் கடித்தாள். அதற்கும் மறுநாள், தறிக்குழி ஓரம் தலைசுற்றி விழுந்தாள். வாடகைக் கார் பிடித்து வேலூருக்கு ஓடினோம். அவள் நாக்கு காய்ந்த இலைபோல இருந்தது.

கையில் குளுக்கோஸ் ஏறத் தொடங்கியது. அதே நர்ஸ் வந்தார். கோபமாகத்தான் வந்தார்.

“தண்ணி குடிக்கச் சொன்னேனா இல்லையா?”

அக்கா கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: “குடிச்சா போயிடுது சிஸ்டர்.”

“எது போயிடுது?”

“மருந்து. அம்மாம் சிவப்பா வெளிய போவுது. அது ஒட்டலன்னுதான அர்த்தம்? ஒட்டாத சாயம்தான் தண்ணியில ஓடும். கொஞ்சமாச்சும் உள்ள நிக்கட்டும்னு…” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “என் ஒடம்புல அது புடிக்கல. எனக்குத் தெரிஞ்சிபோச்சி. இனிமே ஊசி வேணாம்.”

அவளுக்குத் தெரியாத சாயமா? முந்திய வருஷம் மெட்ராஸ் வியாபாரி ஒரு மூட்டை லுங்கியைத் திருப்பி அனுப்பியிருந்தான். சிவப்பு ஓடி, வாங்கினவன் வீட்டு வெள்ளை வேட்டியெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டதாம். அந்த மூட்டையைப் பிரித்தபோது அக்கா அழுத அழுகையை நோய்க்குக்கூட அழவில்லை.

நர்ஸ் கோபத்தை விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். “அது உள்ள போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யுதும்மா. மிச்சம்தான் வெளிய வருது. கூடவே நிறமில்லாம இன்னொரு மருந்து ஏத்துறோமே, அது தேங்கி நின்னா மூத்திரப்பையைப் புண்ணாக்கிடும். எரியுதுன்னீங்களே, அது இதனாலதான்.”

“நீங்க அப்படித்தான் சொல்வீங்க” என்றாள் அக்கா. முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த ஊசி அந்தத் திரும்பிய முகத்துக்கு அப்பால் எங்கேயோ போய்விட்டது. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவளைத் தூக்கிக்கொண்டு வந்து யார் கட்டிலில் கட்டிப்போட முடியும்?

அதுவரை கதவோரம் நின்ற மாமா திடீரென்று கேட்டார்:

“ஏய், அந்த மூட்டை ஏன் திரும்பி வந்துச்சி?”

“சாயம் ஓடுச்சி.”

“ஏன் ஓடுச்சி?”

மாமா கட்டிலருகே வந்தார்.

“நான் சொல்லட்டுமா? அந்தக் கோடையில கெணத்துல தண்ணியில்ல. நாலு தண்ணியில அலச வேண்டிய நூல ஒரே தண்ணியில முக்கி எடுத்துக் காயப்போட்டோம். போவ வேண்டிய சாயம் நூல்லயே ஒக்காந்துக்கிச்சி. அப்பால ஊரான் வீட்டுல போயி ஓடுச்சி. அன்னிக்கே நல்லா அலசியிருந்தா, ஓடுறது ஓடியிருக்கும், புடிச்சது நின்னுருக்கும். இத எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு? நீதான?”

அக்கா முகத்தைத் திருப்பவில்லை. ஆனால் அவள் தோள் ஆடியது. அழுகிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது, வறண்ட உடம்பில் அதற்குமட்டும் எங்கிருந்து வந்ததோ.

“டீச்சரம்மா, இன்னா பாத்துக்கினே நிக்கிற?” என்றாள் என்னிடம். “தண்ணி குடு.”

குடித்தாள். நர்ஸ் எழுந்து போகும்போது மாமாவிடம், “அடுத்த தடவை இங்க ஊசிக்கு வர்ற எல்லாருக்கும் நீங்களே சொல்லிடுங்க” என்றார். மாமா வெட்கப்பட்டு நீல விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

புண் ஆற நாள் பிடித்தது. மூன்றாம் ஊசி கொஞ்சம் தள்ளிப்போனது, ஆனால் போட்டார்கள். பாலத்தில் வாந்தி வந்தது. வாய்ப்புண் வந்தது. ஒருமுறை காய்ச்சலும் வந்தது. கஷாயம் வைக்காமல் ஓடினோம், இரத்தத்தில் வெள்ளை அணு கம்மி என்று படுக்க வைத்து மருந்து கொடுத்துத் தேற்றி அனுப்பினார்கள். அந்த நாட்களில் எனக்கு வந்த பயத்தைச் சொல்ல இன்றும் வார்த்தை தேடுகிறேன். ஆனால் சொம்பு மட்டும் ஒருபோதும் நிறைந்து நிற்கவில்லை. மோர், இளநீர், கஞ்சித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர். சாயத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சிட்டம் சிட்டமாக நூலை அலசுகிறவள்போல, அவள் தன்னைத்தானே அலசிக்கொண்டிருந்தாள்.

கடைசி ஊசி போட்டு வந்த மறுநாள் மாலை. மாமா தொட்டியில் நூலை முக்கிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போலக் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். குளியலறைத் தகரக் கதவுக்குப் பின்னாலிருந்து தெருவுக்கே கேட்கும்படி அக்காவின் குரல் வந்தது:

“தெளிஞ்சிபோச்சி! வெறும் தண்ணியாப் போவுது!”

பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டி, “எது தெளிஞ்சிபோச்சி?” என்று கேட்டாள்.

“சாயம்” என்றார் மாமா, தொட்டியிலிருந்து தலை நிமிராமல்.

அந்த வருஷக் கடைசியில் அக்காவுக்கு முடி முளைத்தது. முன்பு நீட்டமாகத் தொங்கிய முடி, இப்போது சுருட்டை சுருட்டையாக வந்தது. புது நூலுக்குப் புது முறுக்கு என்றாள். இன்றும் குடியாத்தத்தில் அவள் கட்டிலருகே சொம்பு இருக்கிறது, தலை நரைத்துவிட்டது, சுருள் போகவில்லை. போன வாரம் போயிருந்தேன். குடி என்று நான் சொல்வதற்குள் அவளே எடுத்து அண்ணாந்து குடித்துவிட்டு, காலிச் சொம்பை என் கையில் கொடுத்தாள்.