மேடையில் பார்க்காத நடிகர்

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலில் சிதம்பரம் போய் எம்.ஃபில். படித்தேன். லண்டன் மேடையில் பேர் வாங்கி, பிறகு சினிமாவிலும் கொடி நாட்டிய ஓர் ஆங்கில நடிகரின் வாழ்க்கைதான் என் ஆய்வு. தலைப்பைத் தேர்ந்தெடுத்தது கைடு மேடம். ஜூனுக்குள் முடித்தால் கடலூரில் ஒரு கல்லூரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

அவர் நடித்த ஒரு நாடகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. பாண்டிச்சேரியில் வாங்கிய மூன்று சிடிக்கள்தான் கதி. படம் ஓடும்போது அம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டே பார்ப்பாள். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் முதல் படத்தில் கதாநாயகனாக வந்தவர் மூன்றாவது படத்தில் தள்ளாடும் கிழவராக வந்ததும், இவரை இவர் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்களா என்று கேட்டாள். நான் எரிந்து விழுந்தேன். எனக்கு அத்தியாயம் முடிய வேண்டும். நூலகப் புத்தகங்களில் இங்கே நாலு பத்தி, அங்கே நாலு பத்தி எடுத்து, நடுவில் ‘மேலும்’, ‘எனினும்’ போட்டு ஒட்டினேன். எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் செய்தோம்.

ஆய்வேட்டின் ஐந்து பிரதிகளும் பைண்டிங் ஆகி வந்த மறுநாள், பேப்பரில் அவர் இறந்த செய்தி. முதலில் வந்தது கோபம்தான். நாலு நாள் பொறுத்துப் போயிருக்கக் கூடாதா மனுஷன்? ‘இன்றும் நடித்துக்கொண்டிருக்கிறார்’ என்றல்லவா கடைசிப் பக்கம் முடிகிறது. மேடத்துக்குப் போன் செய்தேன். யாரும் படிக்கப்போவதில்லை, அப்படியே கொடுத்துவிடு என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். எழுந்துபோய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். உறவில் சாவு என்றால்தான் எங்கள் வீட்டில் அப்படிச் செய்வார்கள்.

“ஒரு வருஷமா நம்ம வூட்ல இருந்தாரு. நீயும் போயி குளிச்சிட்டு வா” என்றாள்.

சிரிக்கத்தான் நினைத்தேன். குளிக்கும்போது அழுகை வந்துவிட்டது.

அன்றே பிரவுசிங் சென்டரில் ஒரு துண்டுச் சீட்டு அடித்து ஐந்து பிரதிகளிலும் கடைசிப் பக்கத்தில் ஒட்டினேன். இந்த வாரம் அவர் இறந்துவிட்டார், அவரை ஒருமுறையாவது மேடையில் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். மேடம் திட்டுவார் என்று பயந்தேன். அவர் திறந்தே பார்க்கவில்லை.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர், வழக்கப்படி நான் வாங்கிவைத்த சமோசாவைத் தொடவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அந்தச் சீட்டின் மேல் விரலை வைத்தார்.

“இத எழுதுனது நீங்கதானாம்மா?”

“ஆமா சார்.”

பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. மீதியை எழுதியது யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டாரே என்று இன்றும் கூசுகிறது.