கொடியேறிய வீட்டில் இரண்டாவது பாம்பு

ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஹம் நகரத்துக்கு வெளியாட்கள் கூட்டமாக வருவது இரண்டு காரணங்களுக்காக. ஒன்று கோயில் தேர். மற்றது பாம்புச் சந்தை. இரண்டும் அடுத்தடுத்து வந்துவிட்டால், ஸ்டேஷனில் வழி கேட்பவரின் கையில் இருப்பது பால்செம்பா பாம்புப் பெட்டியா என்று பார்த்துத்தான் வழி சொல்ல வேண்டும். நான் இரண்டுக்கும் போகிற ஆள்.

முதல் பாம்பு மகளுடையது. செம்மஞ்சள் நிறம், விஷமில்லை, சோளப்பாம்பு என்பார்கள். அவள் படிக்க கார்ல்ஸ்ரூஹேக்குப் போனபோது அதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். "ரெண்டு கிழமைக்கு ஒருக்கால் ஒரு எலி, காணும் அப்பா" என்றாள். பல்லியைக் கண்டாலே கதிரையில் ஏறுகிற நான், கொஞ்ச நாளில் பாம்பைத் தோளில் போட்டுக்கொண்டு செய்தி பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

ஒருநாள் அது கண்ணாடிக் கதவைத் தலையால் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டது. வீட்டைக் கவிழ்த்துத் தேடினோம். கடைசியில் என் மனைவியின் கூறைச்சேலை மடிப்புக்குள் சுகமாகச் சுருண்டு கிடந்தது. அன்றைக்கே நான் பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். திறப்பை என்னை நம்பித் தரமாட்டேன் என்று மனைவி அதைத் தன் தாலிக்கொடியில் ஊசியோடு சேர்த்துக் கொழுவிக்கொண்டாள். அன்றிலிருந்து இந்த வீட்டில் பாம்புக்குச் சாப்பாடு வைப்பதென்றால் நான் தாலிக்கு முன்னால் போய் நின்று விண்ணப்பிக்க வேண்டும்.

இரண்டாவது பாம்பு வாங்குவோமா என்று நான் கேட்டதும் அவள் மறுக்கவில்லை.

"வாங்குங்கோ. அதுவும் தனியாக் கிடக்குது, பாவம். ஒரு துணை வேணும்தானே."

"அதுகளுக்குத் துணை பிடிக்காதப்பா. ஒரே பெட்டியில விட ஏலாது. புதுசுக்கு வருத்தம் ஏதும் இருந்தால் பழசுக்கும் தொத்தும். வேற பெட்டி, வேற அறை, வேற இடுக்கி."

"வந்த உடனே தனிக்குடித்தனமோ" என்றாள். ஆனாலும் பெண் பார்க்கப் போவதுபோல நல்ல சேலை உடுத்திக்கொண்டு என்னோடு சந்தைக்கு வந்தாள்.

மண்டபம் நிறையச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பாம்பு. நான் வடிவான வெள்ளைக் குட்டி ஒன்றில் கண் வைத்திருந்தேன். மனைவி எதையும் தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே கேள்வி கேட்டாள்.

"இது வடிவாச் சாப்பிடுமோ?"

நான் அதை ஜெர்மனில் கேட்டேன். பாம்பு வாங்குகிறவர் முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்று விற்கிறவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வெள்ளைக்குட்டி நன்றாகச் சாப்பிடும் என்றார். மேசையின் மூலையில் விரல் தடிப்புக்கூட இல்லாத ஒரு மண்ணிறக் குட்டி இருந்தது. அதைக் காட்டி, அது மட்டும் சாப்பாட்டில் கரைச்சல், அனுபவமில்லாதவர்கள் வாங்க வேண்டாம் என்றார்.

மனைவி அந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"காஞ்சுபோய்க் கிடக்கு. இதைத்தான் கொண்டுபோறம். எங்கட வீட்டை வந்து சாப்பிடாமல் இருந்த ஆள் ஒருத்தரும் இல்லை எண்டு அவருக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். அவர் ஏதோ சான்றிதழைப் பார்த்தவர்போலத் தலையாட்டிவிட்டு, வீட்டில் பழக ஒரு கிழமை விட்டு எலிக்குஞ்சு கொடுங்கள், தொடர்ந்து மறுத்தால் தாங்காது என்றார்.

அரிசி மூட்டைகள் இருக்கிற சாமான் அறையை ஒதுக்கி, அங்கே ஒரு சின்னப் பெட்டி வைத்தேன். பெட்டி பெரிதாக இருந்தால் குட்டி பயந்து சாப்பிடாது. கீழே வெள்ளைக் கடதாசி, ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர், இரண்டு பக்கத்திலும் ஒளிக்க ஒவ்வொரு குகை. "இந்த நூலுக்கு ரெண்டு வீடோ" என்று மனைவி கேட்டாள். மூடிக்குப் பூட்டுப் போட்டதும் இரண்டாவது திறப்பும் தாலிக்கொடியில் ஏறியது.

ஒரு கிழமை கழித்து, உறைந்த எலிக்குஞ்சு ஒன்றைப் பனி கரைத்துச் சூடாக்கி வைத்தேன். சின்னன் என்று நாங்கள் கூப்பிடத் தொடங்கியிருந்த குட்டி திரும்பியும் பார்க்கவில்லை. அடுத்த முறை கொடுக்க இருந்த நாளில் கோயிலில் கொடியேறிவிட்டது.

கொடியேறினால் தேர், தீர்த்தம் எல்லாம் முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் வாசல்படி தாண்டாது. எலியும் மச்சம்தான் என்று போன வருடமே தீர்ப்பாகிவிட்டது. மகளின் பாம்பு அந்த விரதத்தை முனகாமல் பிடித்தது. எங்கள் மூவரில் அதுதான் ஒழுங்காகப் பிடித்தது. "எங்கட பாம்புகூட விரதம்" என்று மனைவி கோயிலில் சொல்லித் திரிந்தாள்.

"திறப்பைத் தாரும். பெரிசு தாங்கும், சின்னன் தாங்காது. ஏற்கெனவே சாப்பிடேல்லை" என்றேன்.

"கொடி இறங்கட்டும்."

"அது இறங்கேக்க இது இருக்காது."

அவள் சாமி அறைக்குள் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூட்டை உடைக்கலாமா என்றுகூட யோசித்தேன். நானே பார்த்துப் பார்த்து வாங்கிய பூட்டு, உடையாது.

ஆனால் அவளாலும் இருக்க முடியவில்லை. அரிசி எடுக்க என்று போவாள், அரிசியில்லாமல் வருவாள். மாலையில் மகளுக்குப் போன் அடித்து "சாப்பிட்டியோ?" என்பாள். "ஓம், சாப்பிட்டாச்சு" என்று ஒரே மூச்சில் பதில் வரும். போனை வைத்துவிட்டு, "இது பொய் சொல்லுது" என்பாள். பிறகு சாமான் அறைக்குப் போய் பெட்டிக்கு முன்னால் நிற்பாள். சின்னனின் முதுகெலும்பு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது. அது செத்துப்போகும் என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

தேரன்று பகல் முழுவதும் வெயிலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு, பட்டுச்சேலையும் நெற்றி நிறைய விபூதியுமாக வீட்டுக்கு வந்தாள். செம்பை வைத்தாள். நேரே என்னிடம் வந்தாள்.

"இஞ்சாருங்கோ, பச்சைப்பிள்ளைக்கு விரதம் இல்லை. பிள்ளைத்தாச்சிக்கும் இல்லை, வருத்தக்காரருக்கும் இல்லை. பெரிசு இருக்கட்டும். சின்னனுக்குக் குடுப்பம். ஆனால் வீட்டுக்குள்ள ஏலாது."

பெட்டியைத் துவாயால் மூடிக்கொண்டு, கட்டடத்துக்கு அடியில் இருக்கிற கெல்லருக்குப் போனோம். விரதகாலத்தில் எலிகள் குடியிருக்கும் குளிர்பெட்டியும் அங்கேதான் இருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலை அவள் தூக்கி வந்தாள், குவளை என்னுடையது. எலிக்குஞ்சு சூடானதும் தாலிக்கொடியை முன்னால் இழுத்துக் குனிந்து, பூட்டைத் திறந்தாள்.

நான் இடுக்கியால் நீட்டினேன். சின்னன் குகைக்குள் இழுத்துக்கொண்டது. மறுபடி நீட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டது.

"நீங்கள் குடுக்கிற விதம் பிழை. பயப்பிடுத்திறியள். இஞ்ச தாங்கோ."

பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சீமெந்துத் தரையில் இருந்தாள். எலியின் பக்கமே பார்க்காமல் முகத்தைச் சுளித்தபடி, இடுக்கியை அசைக்காமல் குகை வாசலில் பிடித்தாள். "ஒரு வாய் குஞ்சு, ஒரே ஒரு வாய்" என்று தமிழில் கெஞ்சினாள். மகளுக்குச் சோறு தீத்தின அதே குரல்.

சின்னன் நாக்கை நீட்டியது. இன்னொருமுறை நீட்டியது. பிறகு டக்கென்று கவ்விக்கொண்டது.

விழுங்கி முடியும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பூட்டிவிட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். படியில் இருந்தபடியே மகளுக்கு அடித்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"சின்னன் சாப்பிட்டிட்டுது. நான்தான் தீத்தினனான்."

மகள் கேட்டாள்.

"நீங்கள் சாப்பிட்டீங்களோ அம்மா?"

விடியத்திலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்திருந்தவள் என்னைப் பார்த்தாள். "இல்லைப் பிள்ளை, இனித்தான்" என்றாள்.

நான் மேலே ஓடிப்போய்ச் சோற்றையும் பருப்பையும் அடுப்பில் வைத்தேன். விரலால் தொட்டுப் பார்த்து, போதாது என்று இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன். ஆறிப்போனதை நீட்டினால் இந்த வீட்டில் யாரானாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.