வாய்விட்டு யோசித்தவள்

மிளகு டப்பாவைத் திறந்தேன். மூடிக்கு அடியில் ஈரம் உறிஞ்சுவதற்காக மடித்து வைத்த ஒரு தாள். காரவாசனையோடு பிரித்தால், மகளுக்கு ஒரு மென்பொருள் கம்பெனி அனுப்பிய நேர்முகத் தேர்வுக் குறிப்பு. எந்தக் கணினி மொழியிலும் எழுதலாம், புரியாவிட்டால் கேட்கலாம், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்று போட்டிருந்தது. கடைசி இரண்டையும் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன். கோப்பில் அடித்துப் பழகிய கை.

நான் அரசு அலுவலக எழுத்தர். சொந்த ஊர் மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டி. ஒரு கூட்டத்தில் அதிகாரியிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்; மறு மாதமே கொல்லிமலைக்கு மாற்றல். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது, வாந்திக்கு நடுவே ஒரு பாடம் கற்றேன்: மேலே இருப்பவரிடம் வாயைத் திறக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், இருபத்தைந்து வருடம் அதை வைத்துத்தான் குப்பை கொட்டினேன்.

மகள் மலையிலேயே பிறந்தவள். மிளகு காயும் பாயருகே உட்கார்ந்து கணக்குப் போட்டால் தெருவுக்கே கேட்கும். "இது ஆறு... இல்ல, இரு, இங்கதான் தப்பு..." என்று தனக்குத்தானே வாதாடுவாள். "வக்கீலம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்பாள் அவள் அம்மா.

தேர்வுக்கு முன் பதினைந்து நாள் நானே அதிகாரியாக நாற்காலியில் உட்கார்ந்தேன். கணினி எனக்கென்ன தெரியும்? மாதிரிக் கேள்வியை வாசிப்பேன். அவள் முணுமுணுத்தால் மேசையைத் தட்டுவேன்.

"ஏனுங்கப்பா, யோசிக்கறதச் சொல்லணும்னுதானுங்க போட்டிருக்கு?"

"அதெல்லாம் நம்மள ஆழம் பாக்கறதுக்குப் போடறது கண்ணு. சந்தேகம் கேட்டா மார்க் போயிரும். விடை வந்தப்புறம் வாயத் திற."

பத்தாம் நாள் மேசையைத் தட்ட வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

தேர்வு மடிக்கணினியில், வீட்டிலேயே நடந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "எப்படி யோசிக்கிறீங்கன்னு சொல்லுங்க, தப்பா இருந்தாலும் பரவாயில்லை" என்று தேர்வு நடத்திய பெண் மூன்று முறை கேட்டார். மகள் பேசவே இல்லை. முக்கால்வாசி எழுதியபோது நேரம் முடிந்தது.

"நீங்கள் எப்படிச் சிந்திக்கிறீர்கள் என்று எங்களால் அறிய முடியவில்லை" என்று கம்பெனியிலிருந்து மகளுக்குப் பதில் வந்தது. எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் அது.

மிளகு டப்பாவில் கிடைத்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். அடுத்த தேர்வுக்கு அவள் படித்துக்கொண்டிருந்தாள். "சத்தமாப் போட்டுப் பாரு சாமி" என்றேன்.

"வேண்டாங்கப்பா. இப்பல்லாம் மனசுக்குள்ளயே வருதுங்க."

பாயில் அவள் அம்மா மிளகைத் துழாவும் சத்தம் தெளிவாகக் கேட்டது. முன்பு அது கேட்டதே இல்லை.