முருங்கைக்கீரை மேல் விழுந்த பழி

குன்றத்தூரில் நாங்கள் குழந்தைக்காகப் போன மருத்துவமனையின் நடைவழியில், நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆண்கள் துணைக்கு வந்தவர்களைப் போலச் சுவரில் சாய்ந்து நிற்போம். என் இரண்டாவது சோதனை முடிவு வந்த அன்று நானும் அப்படித்தான் நின்றேன். என் மனைவி பிரேமா மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு முடிவைப் படித்தாள்.

முதல் சோதனையில் விந்தில் உயிரணுக்கள் குறைவு என்று வந்திருந்தது. இப்போது ஒன்றுகூட இல்லை என்று வந்திருந்தது.

"நான் செய்யற சாப்பாட்டுலதான் இன்னாவோ தப்பு கீது," என்றாள். "கீரைய ரொம்ப வேக வெச்சிட்டேனோ?"

ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். அதைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பி திருப்பூர், கொச்சி, ஓசூர் என்று சுற்றினேன். எங்கும் சேர்ந்தாற்போல ஒரு வருடம் இருந்ததில்லை. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு வந்தபோதுதான் வாலாஜாபாத்துக்காரியான பிரேமாவைப் பார்த்தேன். அவளும் வேறொரு கம்பெனியில் உற்பத்தி லைனில் நிற்பவள். கல்யாணமாகி இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறையில் இருக்கிறோம்.

குழந்தை இல்லை என்றதும் முதலில் அவளைத்தான் சோதித்தார்கள். எச்.எஸ்.ஜி. (கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) எடுத்த அன்று வலியில் அவளால் பேருந்துப் படி ஏற முடியவில்லை. அவளிடம் ஒரு கோளாறும் இல்லை. அதற்குப் பிறகுதான் செமன் அனாலிசிஸ் (விந்தில் உயிரணுக்கள் எத்தனை, எப்படி நீந்துகின்றன என்று பார்க்கும் சோதனை) செய்ய நான் சம்மதித்தேன்.

டாக்டரம்மா துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் (உயிரணு உருவாக உதவும் என்று தரப்படும் சத்துகள்) உள்ள மாத்திரை எழுதினார். "மாத்திரை சும்மா துணைக்குத்தான். புகையிலைய விடுங்க, ஒழுங்கா சாப்பிட்டுத் தூங்குங்க. உயிரணு உருவாகி வர ரெண்டரை, மூணு மாசம் ஆகும். அப்புறம் பார்க்கலாம்," என்றார்.

அந்த மூன்று மாதத்தையும் பிரேமா தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். பாதாமை ஊறவைத்தாள். தாய்வீட்டிலிருந்து நாட்டுக்கோழி முட்டையைத் தவிட்டில் புதைத்துப் பேருந்தில் கொண்டுவந்தாள். நான் முடிக்கும் வரை எதிரிலேயே இருப்பாள்.

"போதும் ஏட்டி," என்பேன் எங்கள் ஊர்ப் பேச்சில்.

"ஏட்டியாம் ஏட்டி. துன்னுய்யா. உனக்கா போடறேன்? பொறக்கப்போற புள்ளைக்குப் போடறேன்."

என்னோடு வேலை செய்யும் சுடலை எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரன். ஒன்றாக ஜிம்முக்குப் போவோம். என் டிபன் பாக்ஸைப் பார்த்துச் சிரித்தான். "கீரையத் தின்னு ஆடா ஆவப்போறியா மாப்ள? ஆம்பள ஹார்மோன் ஊசி இருக்கு. நேரா உள்ள போயிரும்லா."

எனக்குத் தெரிந்த கணக்கில் அது சரியாகவே இருந்தது. ஆண் ஹார்மோன் குறைந்ததால் குழந்தை இல்லை, அதை ஏற்றினால் குழந்தை வரும். வாராவாரம் போட்டுக்கொண்டேன். தோள் திரண்டது, ஆசை கூடியது. "கீரை வேலை செய்யுது பாரு," என்று பிரேமா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

இரண்டாவது முடிவோடு உள்ளே போனபோது டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு என் கைகளைப் பார்த்தார்.

"ஜிம்முக்குப் போறீங்களா? ஊசி ஏதாவது போட்டீங்களா?"

நான் வாய் திறப்பதற்குள் பிரேமா சொன்னாள்: "அதெல்லாம் இல்ல மேடம். வூட்டு சாப்பாடுதான். நான்தான் ஆக்கிப் போடறேன்."

தலையை ஆட்டியிருந்தால் அத்தோடு போயிருக்கும். "போட்டேன் மேடம்," என்றேன். பிரேமா என் பக்கம் திரும்பவில்லை.

டெஸ்டோஸ்டீரோன் (ஆண் ஹார்மோன்) வெளியிலிருந்து வந்தால், உடம்பில் போதுமானது இருக்கிறது என்று மூளை நினைத்துவிடுமாம். உயிரணுவை உருவாக்கும் விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுமாம். எனக்கு உடனே புரிந்தது. வெளியிலிருந்து பாகம் வந்து குவிந்தால் எங்கள் கம்பெனியிலும் சொந்த லைனைத்தான் நிறுத்துவார்கள்.

"திரும்பி வருமா மேடம்?"

"நிறையப் பேருக்கு வரும். எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். மாசக்கணக்காகும், சிலருக்கு வருஷத்துக்கு மேலயும் ஆகும்."

அறைக்கு வந்த பிறகுதான் பிரேமா பேசினாள். "ஊசி போட்டதுகூட போவட்டும்யா. என் சமையல நானே திட்டிகினு குந்தியிருந்தேன். நீ கேட்டுகினு நின்ன பாரு."

அன்றிலிருந்து அவள் கீரை ஆய்வதில்லை. நான்தான் ஆய்கிறேன்.

ஊசியை நிறுத்திய பிறகு வந்த மாதங்கள் கடினமானவை. உடம்பு ஓய்ந்து போனது, ஆசை அற்றுப்போனது, காரணமில்லாமல் அழுகை வந்தது. இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நீங்கள் யாராவது அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதற்கு முன் வீட்டில் சொல்லுங்கள்.

சுடலை ஓசூரில் புதுக் கம்பெனிக்குக் கூப்பிட்டான். பழைய நானாக இருந்தால் அன்றைக்கே பையை எடுத்திருப்பேன். வரவில்லை என்றேன். இப்போது என் உடம்பில் இருக்கும் உயிரணு இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் உருவாகத் தொடங்கியது. இன்று தொடங்குவது பொங்கல் கழித்துத்தான் வெளியே வரும். பாதியில் கிளம்ப முடியாத ஒரு லைன் எனக்குள்ளேயே ஓடுகிறது என்பது இவ்வளவு வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது.

போன மாதச் சோதனையில் கொஞ்சம் உயிரணுக்கள் தெரிந்தன. சில நீந்தின. "ஆரம்பம்தான்," என்றார் டாக்டர். குழந்தை இன்னும் இல்லை. வராமலும் போகலாம்.

அன்று மாலை கீரை வதக்கி இரண்டு தட்டில் வைத்தேன். பிரேமா ஒரு வாய் எடுத்தாள்.

"ரொம்ப வெந்துபூச்சி," என்றாள்.

சட்டியைத் தன் பக்கம் இழுத்து இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள்.