நெற்றித் தண்ணீர்

பள்ளிபாளையத்தில் காவிரி அகலம். அவ்வளவு அகலத்தில் என் அம்மா ஒருத்தி முழுகி எழுவதற்கு இடமில்லாமல் போயிற்று.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்வரை நாங்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தோம். கோயில் என்றால் மாதா கோயில். மணி, மெழுகுவத்தி, சாம்பிராணி, முழங்கால் வலிக்கிற பூசை. பிறகு அப்பா எங்களைக் கிளப்பிக்கொண்டு சபைக்குப் போனார். சபை என்றால் தறிக்கூடம் ஒன்றின் மாடி. பாய், மின்விசிறி, வேதம். வேதத்தில் இருப்பதைச் செய், இல்லாததை விடு. அவ்வளவுதான் கொள்கை. வீட்டுக்கு வந்து அப்பா ஒவ்வொன்றாகக் கழித்தார். ஜெபமாலை போயிற்று. மாதா சுரூபம் போயிற்று. கிறிஸ்துமஸ் குடிலும் போயிற்று.

“வேதத்துல தேதி போட்டிருக்குதா? காட்டு பாக்கலாம்” என்றார்.

“பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கோணும்னு எதுலீங்க போட்டிருக்குது? ஊரே அடிக்குதில்ல” என்றாள் அம்மா.

வாய்தான் அப்படி. கேட்டதையெல்லாம் விட்டுக்கொடுத்தாள். எனக்கோ சபை பிடித்துப்போயிற்று. கடவுள் சொன்னது, மனிதர் சொன்னது என்று உலகம் இரண்டாகப் பிளந்து, சரி தவறு போடுகிற பரீட்சைபோல் அத்தனை சுலபமாக இருந்தது.

மிச்சமிருந்தது ஞானஸ்நானம். கைக்குழந்தையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றுவது மனிதர் ஏற்பாடு; நம்பிக்கை வந்தபின், அதை வாயால் சொல்லி, தலையோடு முங்கி எழுவதுதான் வேதம் சொல்வது. அப்பா மழைக்காலத்திலேயே முங்கி எழுந்துவிட்டார். அம்மா காய்ச்சல் என்றாள், தடுமம் என்றாள், ஊட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றாள். சாக்குகள் தீர்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சரியென்றாள்.

ஆறு எங்களுக்கு மட்டும் சொந்தமாக இல்லை. லாரி கழுவுகிறவர்கள் இருந்தார்கள். லாரிக்காரர் மகள், என் வகுப்பில் படிப்பவள், சக்கரத்தில் சாய்ந்து நின்று கரும்பு கடித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கம்மாளுக்கு நீச்சல் பழக்கறாங்களா?”

நான் மாற்றுச் சேலைப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, “ஞானஸ்நானம்” என்றேன்.

“ஊட்டுல தண்ணி வரலையா?”

வெட்கம் காதில்தான் தொடங்கும் என்று அன்று தெரிந்தது.

இடுப்பளவு தண்ணீரில் அம்மா நின்றாள். ஒரு கையை அப்பா பிடித்திருந்தார், மறுகையைச் சபை ஐயா. ஐயா நூல் மில்லில் மேஸ்திரி. அவர் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நம்புகிறீர்களா என்றார். “நம்பறனுங்க.” மனந்திரும்பினீர்களா என்றார். “ஆமாங்க.” அடுத்தது எல்லாரையும் கேட்கிற கேள்விதான்.

“கொழந்தைல நெத்தீல ஊத்துனது மனுசரு சடங்கு, அது ஞானஸ்நானம் இல்லைன்னு ஒத்துக்கறீங்களா, சிஸ்டர்?”

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். அவள் சேலைத் தலைப்பு ஆற்றோடு போகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எனக்கு ஊத்துனத வேணா இல்லைன்னு சொல்லிப்போடறனுங்க. எம்பட பையனுக்கு ஊத்துனதச் சொல்ல மாட்டனுங்க.”

எனக்குப் பின் ஒரு தம்பி பிறந்து அந்த வாரமே போய்விட்டான் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு. அதை லாரிக்காரர்கள் காதில் விழும்படி அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.

“ஆசுபத்திரிக்குப் போற வழீல மூச்சு இழுக்குதுங்க. இவரு போர் போடற ரிக்கு வண்டியோட வடக்க போயிருந்தாரு. சாமியாருக்குச் சொல்லியுட நேரமில்ல. சாவக் கெடந்தா யாரு வேணாலும் ஊத்தலாம்னு கோயில்ல சொல்லிக் குடுத்திருந்தாங்க. போசீல குடிக்க வெச்சிருந்த தண்ணிய நானே ஊத்துனனுங்க. பேரு சொல்லி ஊத்துனன். அது ஒண்ணுமில்லையின்னா, எம்பையன் சும்மாவா போனான்?”

“ஆண்டவரு அந்தக் கொழந்தையக் கைவிட மாட்டாருங்க, சிஸ்டர். ஆனா நீங்க ஊத்துனதால இல்ல. வேதத்துல அப்படி இல்லீங்களே.”

“வேதத்துல இல்லீங்க” என்றாள் அம்மா. “எங் கையில இருந்துச்சுங்க.”

இரண்டு கைகளையும் உருவிக்கொண்டு கரைக்கு நடந்தாள். கழுத்துக்குக் கீழே எல்லாம் ஒட்டிக்கிடக்க, தலைமுடி மட்டும் எண்ணெய் வைத்துச் சீவியது சீவியபடி. எத்தனை பேர் பார்த்தார்கள்! கேள்வித்தாளைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வருகிறவள் என் அம்மா. அதுவும் விடை தெரிந்திருந்தும்.

“நீச்சல் வரலையாட்டம்” என்றாள் கரும்புக்காரி.

பை என் மடியிலேயே இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. துணி மாற்ற வேட்டி கட்டி மறைத்திருந்த இடம் முங்கி எழுந்தவர்களுக்கானது என்று நினைத்தாளோ என்னவோ, அதைத் தாண்டிப் போய் மொபெட்டின் பக்கத்தில் நின்றாள்.

நான் முன்னால் நிற்க, அப்பா ஓட்ட, பின்னால் அம்மா சொட்டிக்கொண்டே வந்தாள். கடைவீதியைக் கடக்கும்வரை, தெரிந்தவர்கள் யாரும் எதிரே வரக்கூடாது என்று சபையில் கற்ற முறைப்படியே ஜெபித்தேன். ஊர் தாண்டியதும் ஓர் எடைமேடைக்கு அருகே அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. திரும்பவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

“ஊத்தறப்ப கண்ணு தொறந்திருந்தானா?”

“தொறந்திருந்தானுங்க.”

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கண் திறந்திருந்தால் பார்த்திருப்பான்; பார்த்திருந்தால் நம்பியிருக்கலாம்; நம்பியிருந்தால் வேதப்படி செல்லும். அப்பா அம்மாவைக் காப்பாற்ற வழி தேடுகிறார்! முங்க வேண்டுமே என்ற ஒரு சிக்கல்தான் பாக்கி. அத்தனை சின்ன உடம்புக்கு ஒரு போசித் தண்ணீர் போதுமா என்று நானும் மும்முரமாக யோசிக்கத் தொடங்கினேன்.

“யாராட்டம் இருந்தான்?” என்றார் அப்பா.

அம்மா ஈரத் தலைப்பைப் பிழிந்தாள். பிறகு, “நீங்க வர்றதுக்குள்ள பொதைச்சுப்போட்டோம்ங்க” என்றாள். “உங்களாட்டந்தான் இருந்தான்.”

அப்பாவின் கைகள் கைப்பிடியில் என் கைகளுக்கு அருகிலேயே இருந்தன. அவை ஏன் கைப்பிடியை முறுக்காமலே கிடந்தன என்றோ, இந்தக் கேள்விக்கு வேதத்தில் எந்த இடம் என்றோ தெரியாமல், வண்டி எப்போது கிளம்பும், அம்மா எப்போது காய்வாள் என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.