இடது கையால் சிலுவை

மாமனார் மிக்கேலுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்து ஒன்பது மாதம் ஆகிறது. ஜாஸ்பின் ரிக்கிங் கற்கத் தொடங்கி ஏழு மாதம். இரண்டும் ஒரே அறையில். அவருடைய கட்டிலுக்கு எதிரே தையல் மிஷின். அதன் பலகைமேல் லேப்டாப். எழுந்தால் அடுப்படி, திரும்பினால் கட்டில். ஆவூருக்குள்ளேயே அவள் போகிற தூரம் ஞாயிற்றுக்கிழமை கோயில்வரைதான். கணவன் ராபின் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான்.

திரையில் ஒரு கிழவர் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். திருச்சியில் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோ அனுப்பிய உருவம். மேலே தோல், வேட்டி, மீசை எல்லாம் உண்டு, உள்ளே எலும்பு கிடையாது. எலும்புகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, எது அசைந்தால் எவ்வளவு தோல் கூடவே வர வேண்டும் என்று சொல்லிவைப்பதுதான் ரிக்கிங். வைத்து முடித்து, அவரைப் பத்து விநாடி ஏதாவது செய்ய வைத்து அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை.

முதல் வாரம் முழங்கையை மடக்கினால் விலாவும் சேர்ந்து இழுபட்டது. காலைத் தூக்கினால் வேட்டி இரண்டாகக் கிழிந்தது. மாமியார் சூசைமேரி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, ஒன் பொம்மைக்கும் வாதமா?"

கட்டிலில் மிக்கேல் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது.

மூன்றாவது வாரம் கிழவர் ஒழுங்காக முட்டி போட்டார். சிலுவை போட்டுக் கும்பிட்டார். ஜாஸ்பின் அனுப்பிவைத்தாள். மறுநாள் ஸ்டுடியோவிலிருந்து சரவணக்குமார் கூப்பிட்டார்.

"மூட்டெல்லாம் நல்லா மடங்குதும்மா. ஆனா பெரியவரு எடது கையால சிலுவ போடுறாரே?"

"இல்லீங்களே சார், வலது எலும்பத்தான் அசைச்சேன்."

"ஒங்களுக்கு வலது. அவருக்கு?"

அவள் திரையைப் பார்த்தாள்.

"எலும்புக்குப் பேரு வைக்கிறப்ப அந்த ஆளோட பக்கத்துலருந்து வைக்கணும். தலையிலருந்து காலு வரைக்கும் மாத்தி வச்சிருக்கீங்க. கோயிலுக்குப் போற ஒங்களுக்குமா கண்ணுல படல?"

படவில்லை. தினமும் ஜெபமாலை தொடங்கும்போது கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து அவள் பார்க்கிற, மாமனார் போடுகிற சிலுவை அதுதான். இடது கை நெற்றிக்கு ஏறி, நெஞ்சுக்கு இறங்கி, தோள்களைத் தொட்டுவிட்டு விழும். ஒன்பது மாதத்தில் அவள் கண்ணுக்கு அதுவே சரியாகிவிட்டிருந்தது.

இரண்டு நாள் தந்தார்கள். அறுபத்தெட்டு எலும்புகள். ஒவ்வொரு பெயரை மாற்றும்போதும் திரைக்கு முதுகைக் காட்டி நின்று, தன் கையைத் தூக்கிப் பார்த்து, பிறகு உட்கார்ந்து எழுதினாள்.

"இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு" என்றாள் சூசைமேரி.

வெள்ளிக்கிழமை மறுபடி போன் வந்தது.

"திங்கக்கெழம ஒம்பதரைக்கு ஆபீஸ் வந்துருங்க."

"வீட்டுலருந்தே செய்யலாங்களா சார்?"

"மொத ஆறு மாசம் இங்கதான். அன்னைக்கு வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும், பரவாயில்லையா?"

"வாரேங்க" என்றாள். சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தாள்.

சூசைமேரி சத்தம் போடவில்லை. "போகாதன்னு நான் சொல்லல. எட்டேகால் பஸ்ஸுக்கு நீ போயிட்டா இவரத் தூக்குறது யாரு? என் இடுப்பப் பத்தி ஒனக்குத் தெரியாதா?"

"ஆள் வைப்போம் அத்த."

"வை. கூட்டியா பாப்போம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் வரவில்லை. ராபினிடம் பேசினாள்.

"ஒரு வருசம் பொறு. நான் வந்துர்றேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

"என்னைய என்னதான் செய்யச் சொல்ற? அப்பாவ இங்க தூக்கிட்டு வரவா?"

பிறகு அவன் சாப்பிட்டாயா என்று கேட்டான்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கே எழுந்து சமைத்து, துவைத்துப் போட்டாள். ஏழு மணிக்குள் அவரைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்தாள். மதியம்வரை அவரைப் புரட்டாமல் சமாளித்துவிடுவதாக சூசைமேரி சொல்லியிருந்தாள். அதற்குமேல் என்ன செய்வதென்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அயர்ன் செய்த சுடிதாரைப் போட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது வாடை வந்தது. அவருக்கு வயிறு போய்விட்டது. படுக்கை, விரிப்பு, சட்டை எல்லாம்.

எட்டேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. வயிறு நிற்கவில்லை. ஒன்பதரைக்கு மறுபடி அவரைக் குளியலறையில் தாங்கிப் பிடித்து நின்றாள். அவர் கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. சுடிதார் நனைந்து ஒட்டிக் கிடந்தது. சூசைமேரி போனை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அது அடித்துக்கொண்டிருந்தது.

"திருச்சிக்காரங்க போல. என்னடி சொல்ல?"

"போ" என்றார் மிக்கேல். குழறினாலும் புரிந்தது. அவள் கழுத்திலிருந்து கையை எடுக்கப் பார்த்தார். எடுத்ததும் உடம்பு சரிந்தது. ஜாஸ்பின் இரண்டு கையாலும் அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"சும்மா இருங்க மாமா, விழுந்துருவீங்க." பிறகு திரும்பாமலே சொன்னாள். "வரலைன்னு சொல்லிருங்க அத்த."

சூசைமேரி மறு கையின் ஈரத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டு எடுப்பதற்குள் மணி நின்றது. மறுபடி அடிக்கவில்லை.